ஹெட்போனின் இடது பக்கம்

முனீஸின் கண்ணுக்குத் தப்பி ஒரு பனியன்கூடப் பெட்டிக்குள் போனதில்லை என்று திருப்பூர் மண்ணரைப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே முனீஸ்தான். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் திருப்பூருக்கு வந்தவன், முப்பத்து மூன்று வயதில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜாக இருந்தான். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று எது கண்ணில் பட்டாலும் அதன்மேல் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தனியே தூக்கிப் போடுவான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட எதிர் இலைக்காரரின் காலர் தையல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பான். கல்யாண வீட்டுக்காரர்கள் யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை.

இரண்டாயிரத்து ஆறில் கம்பெனி ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. பழையதில் ஒன்றை முனீஸ் சல்லிசாக வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கம்ப்யூட்டரில் கணக்கு ஷீட் போடப் பழகிக்கொண்டால் ஆபீஸ் வேலைக்கே போய்விடலாம் என்று மனைவி அனுசுயாவிடம் சொன்னான். கணக்கு ஷீட்டை ஒரே ஒரு நாள் திறந்தான். கட்டங்களுக்குள் தன் பெயரை நாலைந்து தடவை அடித்துப் பார்த்துவிட்டு மூடினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சிடிக் கடையிலிருந்து ஒரு துப்பாக்கி விளையாட்டு வந்து சேர்ந்தது. இடிந்துகிடக்கும் கிடங்கு ஒன்றுக்குள் நுழைந்து, ஒளிந்திருக்கும் எதிரிகளைத் தேடித் தேடிச் சுட வேண்டும். விளையாட்டு அலுத்தால் படம் பார்க்கலாம். கம்ப்யூட்டர் படிப்பு அதோடு முடிந்தது.

அவர்கள் இருந்தது லைன் வீடு. பக்கத்து வீட்டுக்கும் இவர்களுக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். அந்தப் பக்கம் இருந்த காசிமாயன் உசிலம்பட்டிக்காரன். சாயப்பட்டறையில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன். மூன்று ஞாயிறு பொறுத்துப் பார்த்துவிட்டு நான்காவது ஞாயிறு மத்தியானம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, நீங்க சுடுங்கண்ணே, நான் வேணாங்கல. எனக்கு அது என் காதுக்குள்ள வந்து சுடுற மாதிரி இருக்கு. கண்ணை மூடுனா தலையணைக்குள்ளயே ஆள் செத்து விழுறான்."

முனீஸ் பதில் சொல்வதற்குள் அனுசுயா முந்திக்கொண்டாள். "நீங்க போய்ப் படுங்க தம்பி. இனிமே சத்தம் வராது." பிறகு முனீஸிடம் திரும்பினாள். "காதுல மாட்டுற கருவி இருக்குல்ல, அதை வாங்குங்க. அறுநூறு ரூபாய்க்கு மேல ஒத்தப் பைசா போகக் கூடாது."

பெருமாநல்லூர் ரோட்டில் ஈஸ்வரமூர்த்தியின் எலக்ட்ரானிக்ஸ் கடை இருந்தது. ஐம்பது வயது தாண்டியவர். வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் முதலில் தலையாட்டிவிட்டுத்தான் பேசுவார். முனீஸ் தன் தேவைகளை அவரிடம் வரிசையாகச் சொன்னான். எதிரி எந்தப் பக்கமிருந்து நடந்து வருகிறான் என்று காலடிச் சத்தத்தை வைத்தே தெரிய வேண்டும். படத்தில் சண்டை வந்தால் நெஞ்சு அதிர வேண்டும். இரண்டரை மணி நேரம் மாட்டியிருந்தாலும் காது வலிக்கக் கூடாது. விலை அறுநூறுக்குள் இருக்க வேண்டும்.

"அத்தனையும் ஒண்ணுலயே வேணுமுங்களா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"ஆமா அண்ணாச்சி. தரம்னா அப்படித்தான் இருக்கணும்."

அவர் தலையாட்டிவிட்டு இருநூற்றைம்பது ரூபாயில் ஒரு கறுப்பு ஹெட்போனை எடுத்து வைத்தார். சாதாரணமானது. காதுப் பக்கம் வட்டமான ஸ்பாஞ்ச். முனீஸ் அதைக் காதில் மாட்டவில்லை. வளைத்தான், இழுத்தான், ஸ்பாஞ்சைக் கிள்ளிப் பார்த்தான், ஒயர் நுழையும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒரு பனியனுக்கு என்னென்ன செய்வானோ அத்தனையும் செய்தான். காதால் கேட்டு வாங்க வேண்டிய பொருள் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது.

வீட்டில் மாட்டினான். வலது பக்கம் கணீரென்று கேட்டது. இடது பக்கம் யாரோ போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. விளையாட்டில் இடது பக்கமிருந்து வந்த எதிரி ஒவ்வொருவனும் அவனைக் கொன்றுவிட்டுப் போனான். "பாத்தியா, மட்டமான சரக்கு" என்று அனுசுயாவிடம் காட்டினான்.

"குடுங்க, நான் கேட்டுச் சொல்றேன்."

"உனக்குத் தெரியாது. இதுக்கெல்லாம் காது பழகியிருக்கணும்."

அடுத்த நாள் கடைக்குப் போய் மாற்றினான். இரண்டாவது ஹெட்போன் நானூற்றைம்பது. வெள்ளி நிறம். ரெக்சின் தைத்த பெரிய மெத்தை காதையே மூடியது. அரை மணி நேரத்தில் இரண்டு காதும் வியர்த்து வழிந்தன. அனுசுயா வேறொரு கம்பெனியில் டெய்லர். மிச்சம் விழுந்த இன்டர்லாக் பனியன் துணியில் இரண்டு உறை தைத்து, எலாஸ்டிக் வைத்து மெத்தைமேல் மாட்டிக் கொடுத்தாள். குழந்தைகள் ஆர்டரில் விழுந்த துண்டு என்பதால் உறை முழுக்க மஞ்சள் யானைக்குட்டிகள். முகத்தை முறுக்கிக்கொண்டு துப்பாக்கி பிடித்த வீரனின் இரண்டு காதிலும் யானைக்குட்டிகள் விளையாடின. காதுக்குச் சுகமாக இருந்ததால் முனீஸ் கௌரவத்தை விட்டுக்கொடுத்தான். ஆனால் இதிலும் இடது பக்கம் மந்தம்.

மறுபடி மாற்றினான். மூன்றாவது சரியாக அறுநூறு. பேசுவதற்கு மைக்கும், ஒயரில் சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகும் உண்டு. அதிலும் இடது பக்கம் மந்தம். இந்த முறை முனீஸ் சும்மா போகவில்லை. கம்பெனியின் இன்ஸ்பெக்‌ஷன் தாளில் ஒரு ரிப்போர்ட் எழுதினான். 'வலது: ஓகே. இடது: மேஜர் டிஃபெக்ட். மூன்று பீஸ் பார்த்ததில் மூன்றும் ரிஜெக்ட்.' கீழே கையெழுத்தும் தேதியும் போட்டான். ஹெட்போனின் இடது பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரையும் ஒட்டினான்.

கடையில் அப்போது நாலு பேர் நின்றிருந்தார்கள். முனீஸ் ரிப்போர்ட்டை மேசைமேல் விரித்து வைத்தான். ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். பிறகு ஹெட்போனைத் தன் காதில் மாட்டிக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"எனக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தானுங்க கேக்குது தம்பி."

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க விக்கிறவரு. நான் ஏழு வருசமா பிழை பிடிக்கிறவன். உங்களுக்குப் பிடிபடாதது எனக்குப் பிடிபடும்."

"அதுஞ் சரித்தானுங்க." அவர் தலையாட்டினார். "ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. இதை அப்படியே திருப்பி மாட்டுங்க. இடதை வலதுல, வலதை இடதுல."

முனீஸுக்கு அது முறையற்ற வேலையாகத் தோன்றியது. இடது என்று போட்டிருந்தால் இடது காதில்தான் மாட்ட வேண்டும். நாலு பேர் பார்க்கிறார்களே என்று திருப்பி மாட்டினான்.

சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம் இப்போது வலது காதில் இருந்தது. அது கணீரென்று கேட்டது. இவ்வளவு நாள் ஓகே என்று எழுதிய பக்கம் இடது காதில் போர்வைக்குள் பேசியது.

குறை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இடம் மாறிவிட்டதோ என்றுதான் அவன் புத்தி முதலில் போனது. அப்படி மாறுமா என்று ஈஸ்வரமூர்த்தியிடம் கேட்க வாயைத் திறந்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். அவர் சிரிக்கவில்லை. ரிப்போர்ட்டை நாலாக மடித்து அவன் கையில் கொடுத்தார்.

"காதை ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டிப்போடுங்க தம்பி. ஹெட்போனு எங்கயும் போயிராது."

அதன்பிறகு மூன்று நாள் முனீஸ் சரியாகச் சாப்பிடவில்லை. கம்பெனியில் யாரும் பார்க்காதபோது கைக்கடிகாரத்தை வலது காதில் வைத்துக் கேட்பான், பிறகு இடது காதில் வைப்பான். வலதில் ஓடிய கடிகாரம் இடதில் நின்றுபோயிருந்தது. வந்த புதிதில் எட்டு வருடம் இரைச்சலோடு துணி பின்னும் நிட்டிங் மிஷின்களுக்கு நடுவே நின்றவன். கூட வேலை பார்த்தவர்களில் சிலர் டீக்கடையில் பக்கத்தில் இருப்பவனிடம் பேசுவதற்கே தெருமுனை வரை கேட்கக் கத்துவார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்தவன்தான் அவனும். இனி தன்னைப் பார்த்து யார் யார் சிரிப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தான். தன்னிடம் ரிஜெக்ட் வாங்கிய டெய்லர்கள் மட்டுமே அறுபது பேர் தேறினார்கள்.

நான்காம் நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே அனுசுயாவிடம் சொன்னான். "எனக்கு இடது காது சரியாக் கேக்கலைன்னு நெனைக்கிறேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நெஜமாவே கேக்கலையா?"

"ஆமா."

"ரெண்டு வருசமா அந்தப் பக்கம் நின்னு நான் என்ன சொன்னாலும் நீங்க திரும்புறதே இல்ல. வேணும்னேதான் செய்றீங்கன்னு நெனச்சேன். எங்க அம்மாகிட்டச் சொல்லி அழுதுகூட இருக்கேன்."

முனீஸ் தட்டை ஒதுக்கி வைத்தான். அவள் எதையும் தெளிவாகப் பேசமாட்டாள், வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாள் என்று இந்த இரண்டு வருடத்தில் அவளை எத்தனை தடவை திட்டியிருப்பான் என்று நினைத்தான். அதற்கு ஒரு ரிப்போர்ட் எழுதினால் ஒரு நோட்டே பத்தாது.

மறுநாள் இருவரும் லீவு போட்டுவிட்டுக் காது டாக்டரிடம் போனார்கள். டாக்டர் வயதான அம்மா. முனீஸின் காதுக்குள் விளக்கை அடித்துப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை பார்த்தார்.

"எங்க வேலை பாக்குறீங்க?"

"பனியன் கம்பெனியிலங்க."

"காதுல எதையாவது அடைச்சீங்களா?"

அப்போதுதான் முனீஸுக்கு உறைத்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு கம்பெனியில் செக்கிங் மேசையை ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் மாற்றிப் போட்டார்கள். கரண்ட் போகும்போதெல்லாம் இடது பக்கம் அது உறுமும். கீழே கிடக்கும் வேஸ்ட் நூலை உருட்டி அந்தக் காதில் திணித்துக்கொள்வான், சாயங்காலம் எடுத்துப் போடுவான். முழுவதும் வந்துவிட்டதா என்று எந்த நாளும் பார்த்ததில்லை.

டாக்டர் சொட்டு மருந்து விட்டு, காத்திருக்க வைத்து, இடுக்கியால் மெல்ல இழுத்தார். சுண்டைக்காய் அளவு ஒரு பழுப்பு உருண்டை வெளியே வந்தது. அதன் வாலாக ஓர் இளஞ்சிவப்பு நூல் வந்துகொண்டே இருந்தது. அவர் அதைத் தட்டில் வைத்து நீட்டினார். "இது என்னன்னு தெரியுதா?"

முனீஸ் குனிந்து பார்த்தான். "முப்பதாம் நம்பர் நூலுங்க மேடம்."

அனுசுயா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. செவிப்பறைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும், மிஷின் சத்தத்தில் வேலை பார்த்ததால் இரண்டு காதுமே கொஞ்சம் தேய்ந்திருக்கலாம், ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். சத்தத்துக்கு அடைக்க மெடிக்கல் கடையில் அதற்கென்றே விற்பதை வாங்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் ரோடு முழுக்க அவன்மேல் ஏறி வந்தது. பஸ் ஹாரன், டீ ஆற்றும் சத்தம், யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பது எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. இடது பக்கம் நடந்து வந்த அனுசுயா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "காதுக்குள்ள ஒரு பனியனே பின்னி வச்சிருக்காரு."

"கேக்குது" என்றான் முனீஸ்.

"கேக்கட்டும். ரெண்டு வருச பாக்கி."

அங்கிருந்து நேராக ஈஸ்வரமூர்த்தியின் கடைக்குப் போனார்கள். முனீஸ் எதையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னான். நூலின் நம்பர் உட்பட. ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வயிறு குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு உள்ளே போய் மூன்று ஹெட்போனையும் எடுத்து வந்தார்.

இந்த முறை முனீஸ் எதையும் வளைக்கவில்லை, கிள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்டான். அறுநூறு ரூபாய் ஹெட்போனில் பேச்சு தகர டப்பாவுக்குள் கேட்டது. வெள்ளி நிறத்தில் சண்டைச் சத்தம் மட்டும் தூக்கலாக இருந்தது. முதலில் மட்டமான சரக்கு என்று திருப்பிக் கொடுத்த கறுப்பு ஹெட்போனில்தான் எல்லாமே அளவாக, தெளிவாகக் கேட்டன. பஞ்சு மாதிரி காதில் உட்கார்ந்தது, வியர்க்கவும் இல்லை.

"இதுங்களா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"இதுதான் அண்ணாச்சி. இது நல்ல சரக்குன்னு நான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லாதீங்க. என் பேச்சுக்கு இப்ப மதிப்பு இல்ல."

மீதி முந்நூற்றைம்பதை ஈஸ்வரமூர்த்தி எடுத்து நீட்டியதும் அனுசுயா வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முனீஸ் குளித்து, விபூதி பூசிக்கொண்டு விளையாட உட்கார்ந்தான். இடது பக்கம் எதிரியின் காலடி துல்லியமாகக் கேட்டது. எத்தனை பேர் வருகிறார்கள் என்றுகூட எண்ண முடிந்தது. திரும்பினான். சுட்டான். குறி தவறியது. செத்தான். அப்படி ஏழு தடவை செத்த பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். இனிமேல் பழி போட ஒரு காதுகூட மிச்சமில்லை.

"எந்திரிங்க, நான் படம் பாக்குறேன்" என்று அனுசுயா நாற்காலியைப் பிடித்தாள். ஒரு நகைச்சுவைப் படத்தைப் போட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முனீஸ் பூண்டை உரிக்க எடுத்துக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்தான். திரையில் ஆட்கள் வாயசைத்தார்கள். ஒருவன் கிணற்றில் விழுந்தான். அனுசுயா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்ன சொன்னான்?" என்று அவள் முழங்கையைத் தட்டிக் கேட்டான்.

ஹெட்போனைக் கழற்றாமலே அவள் உரத்த குரலில் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். முனீஸ் அவளை மெதுவாகப் பேசச் சொல்லவில்லை. பூண்டை உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டான்.