மச்சான் ஊற்றிய ஆயில்

மச்சான் இறந்த இருபத்தாறாம் நாள் காலையில், டாக்ஸி டிரைவர் சொட்டின் மனைவி தன் கல்யாண வாழ்க்கையிலேயே முதல்முறையாக வண்டி ஆயிலைப் பற்றி வாயைத் திறந்தாள். அவன் டாக்ஸியை எடுக்கக் கிளம்பி, ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தான்.

“என்னங்க, இன்னிக்கு வண்டியில ஆயில் பாத்துடுங்க.”

“ம்.”

“அண்ணன் ஊத்தினதையே ஊத்துங்க. வேற எதையும் ஊத்தாதீங்க.”

“மச்சான் எதை ஊத்தினாரு?”

அவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள். அவனும் திரும்பக் கேட்கவில்லை. இந்த இருபத்தாறு நாளாக அந்த வீட்டில் யாரும் யாரையும் எதையும் இரண்டாம் தடவை கேட்பதில்லை.

சொட்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. எந்தப் பெற்றோரும் பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைக்க மாட்டார்கள். டாக்ஸி ஸ்டாண்டில் வைத்த பெயர் அது. மற்ற டிரைவர்கள் தங்கள் வண்டி ஆயில் குடிக்கிறது, புகை தள்ளுகிறது என்று புலம்பும்போதெல்லாம் இவன் போய் நடுவில் நிற்பான். “பதினாலு வருஷமா ஓட்டறேன். மூணு லட்சம் கிலோமீட்டரைத் தொடப் போகுது. எடுத்துப் பாரு, சொட்டு ஆயில் குறையாது.” இதை ஒரு தடவை சொன்னால் பெருமை. நானூறு தடவை சொன்னால் பட்டப்பெயர். இப்போது போலீஸ்காரர்கூட அவனைச் சொட்டு என்றுதான் கூப்பிடுகிறார்.

அவ்வளவு பீற்றிக்கொண்டவன், அந்தப் பதினாலு வருஷத்தில் ஒரு நாள்கூட பானெட்டைத் தூக்கி, ஆயில் அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்ததில்லை என்பதுதான் வேடிக்கை. பெட்ரோல் போடுவான், கண்ணாடி துடைப்பான், டயரை உதைத்துப் பார்ப்பான். பானெட்டுக்கு உள்ளே இருப்பதெல்லாம் மச்சான் பாடு. நன்றாகச் சமைக்கிறவளின் புருஷன் அடுப்புப் பற்றவைக்கக்கூடப் பழகியிருக்க மாட்டான் அல்லவா, அந்தக் கதைதான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். இரண்டு தெரு தள்ளி ஒரு ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வேலையை முடித்து, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு இந்த டாக்ஸியில்தான் கொண்டுபோனார்கள். போகிற வழியெல்லாம் சொட்டு ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டு, சிவப்பு விளக்கில் நின்று, பச்சை விழுந்த பிறகு எடுத்து ஓட்டினான். அதை இன்று நினைத்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டால் அது யாருடைய கன்னமோ என்றிருக்குமே, அப்படித்தான் அவனுக்கு எல்லாம் இருந்தது. அழுகை வரவில்லை. சொந்தக்காரர்கள் “கல்லு மாதிரி நிக்கிறான் பாரு” என்று காதுபடவே சொன்னார்கள். நிஜம்தானே என்று நினைத்துக்கொண்டான்.

மூன்று நாளாக, வளைவில் திரும்பும்போதெல்லாம் ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து அணைந்துகொண்டிருந்தது. ஆயில் டப்பா படம் போட்ட விளக்கு. அது எரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டும் என்பது நேற்று லைசென்ஸ் வாங்கியவனுக்கும் தெரியும். சொட்டுக்கும் தெரியும். ஆனால் அது அடுத்த வண்டியில் எரிவதுபோல அவன் பார்த்துக்கொண்டே ஓட்டினான். இந்த இன்ஜின் போனால் அவனுக்கு வேறு வண்டியும் இல்லை, ஓட்டுவதைத் தவிர வேறு தொழிலும் தெரியாது. அதுகூட மண்டையில் உறைத்ததே தவிர மனசில் உறைக்கவில்லை.

இன்றைக்கு மனைவி சொன்னதால் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வண்டியை விட்டான்.

கடைக்காரரை எல்லாரும் டாக்டர் என்பார்கள். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். ஒரு லிட்டர் ஆயில் கேட்டால் உடனே கொடுத்துவிட மாட்டார்; எத்தனை வருஷத்து வண்டி, எத்தனை கிலோமீட்டர், கடைசியாக எப்போது மாற்றியது என்று குலம் கோத்திரம் வரை விசாரித்துவிட்டுத்தான் அலமாரிப் பக்கம் திரும்புவார். அவசரக்காரர்கள் அவரிடம் வருவதில்லை.

“மச்சான் ஊத்தற ஆயில் ஒண்ணு வேணும்ணே,” என்றான் சொட்டு.

“பேர் வேணாமா அதுக்கு?”

“தெரியாது. அவர்தான் எப்பவும் ஊத்துவாரு.”

மச்சான் போன விஷயம் டாக்டருக்குத் தெரியும். தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு அவருடைய வழக்கமான குரலுக்குத் திரும்பினார். “வண்டி ஆயில் குடிக்குதா?”

“சொட்டு குறையாது.”

“நீங்க சொல்லாதீங்க, வண்டி சொல்லட்டும்.” வெளியே வந்து பானெட்டைத் தூக்கினார். டிப்ஸ்டிக்கை உருவி, பழைய துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்தார். கம்பியில் ஆயில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு கோடு உண்டு. மேல் கோடும் காய்ந்து கிடந்தது, கீழ்க் கோடும் காய்ந்து கிடந்தது. நுனியில் மட்டும் கருப்பாக ஒரு தீற்றல். டாக்டர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். தரையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பின்னால் போய் சைலன்சர் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கோடு கரி ஒட்டியிருந்தது. அதை அவன் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“கீழ ஒழுகல. அப்ப இன்ஜின் உள்ளயே எரிச்சுக் குடிக்குது.”

“எங்க வண்டி குடிக்காதுண்ணே.” பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொன்னது.

“குடிக்காத வண்டியில ஆயில் எங்க போச்சு? எறங்கி நடந்து போயிடுச்சா? இது நேத்து இன்னிக்கு குடிக்க ஆரம்பிச்சது இல்ல. குறைஞ்சது ரெண்டு வருஷம் இருக்கும். வாரம் கால் லிட்டர், அதுக்கு மேலேயே கேட்டிருக்கும். எப்ப கடைசியா ஊத்தினீங்க?”

“நான் ஊத்தினதே இல்லையே.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப உங்களுக்குத் தெரியாம யாரோ ஊத்திட்டு இருந்திருக்காங்க.”

யாரோ என்று அவர் சொன்னது மரியாதைக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி ஒரு இன்ஜின் சாவதையே மறைத்து வைக்க இந்த ஊரில் ஒரே ஒருத்தரால்தான் முடியும்.

டாக்டர் இரண்டு டப்பாவைக் கொண்டுவந்து பானெட் ஓரத்தில் வைத்தார். “கம்பெனி குடுத்த புத்தகத்துல இந்த வண்டிக்கு டென் தேர்ட்டின்னு போட்டிருக்கு. மெல்லிசு. புது இன்ஜினுக்கு அதுதான் சரி. இந்தத் தேய்ஞ்ச இன்ஜினுக்கு அதை ஊத்தினா தண்ணி மாதிரி எரிஞ்சு போயிடும். இது ட்வென்டி ஃபிஃப்டி. கெட்டி. கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். ஆனா உங்க மச்சான் புத்தகத்தைத் தாண்டாத ஆளு. கெட்டி ஆயில் கேட்டு வர்றவங்களை இங்கயே நின்னு திட்டுவாரு. அவர் எதை ஊத்தினாருன்னு எனக்கு நிச்சயமா சொல்லத் தெரியல. இப்போதைக்கு ஏதாவது ஒரு லிட்டர் ஊத்திக்கோங்க, வீடு போய்ச் சேரலாம்.”

“வேணாம்ணே. அவர் ஊத்தினதைத்தான் ஊத்தணும்னு வீட்ல சொல்லியிருக்கா.”

“இப்படியே ஸ்டார்ட் பண்ணினீங்கன்னா இன்ஜின் ஜாம் ஆயிடும். அப்புறம் எந்த ஆயிலும் வேணாம்.”

“நடந்து போய்க் கேட்டுட்டு வரேன்.”

சாவியை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு நடந்தான். இருபது நிமிஷ நடை. டயர் கடையைத் தாண்டினான், பூட்டியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தைத் தாண்டினான், தண்ணீர் தேங்கிய பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போனான். நானூறு தடவை ஸ்டாண்டில் நின்று கத்தியது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கால் வலித்தது, அவ்வளவுதான்.

மனைவி காய்ந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் வண்டி இல்லாமல் நடந்து வந்ததைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

“நின்னுடுச்சா?”

“இல்ல. கடையில விட்டுட்டு வந்தேன். ஆயில் இல்ல உள்ள. ரெண்டு வருஷமா குடிக்குதாம்.” கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். “உனக்குத் தெரியுமா?”

அவள் எழுந்து போனாள். குளியலறையில் சோப்புத்தூள் டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, ஒரு பாலிதீன் பையில் சுற்றியிருந்த ஆயில் டப்பாவை எடுத்து வந்தாள். முக்கால்வாசி இருந்தது. மேலே 20W-50 என்று போட்டிருந்தது. டாக்டர் கெட்டி என்று சொன்ன அதே ட்வென்டி ஃபிஃப்டி. பையிலேயே ஒரு சின்னப் புனலும் கிடந்தது. தினமும் அந்த அறையில் குளிக்கிறான். இத்தனை நாளில் சோப்புத்தூளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எந்தப் புருஷன் பார்த்திருக்கிறான்?

“ஞாயித்துக்கிழமை காலையில அண்ணன் வரும். நீங்க தூங்கிட்டு இருப்பீங்க. நான் புனலைப் பிடிச்சுப்பேன், அது ஊத்தும். ஊத்திட்டு டீ குடிச்சுட்டுப் போயிடும்.”

மச்சான் ஞாயிற்றுக்கிழமை வருவது அவனுக்குத் தெரியும். தங்கச்சி கையால் டீ குடிக்க வருகிறார் என்று நினைத்திருந்தான். “டீத்தூள் வாங்க வக்கில்லாம வரீங்களா மச்சான்?” என்று படுக்கையிலிருந்தே கிண்டல்கூட அடித்திருக்கிறான். “ஆமாம் மாப்பிள்ளை, நீங்க தூங்குங்க” என்பார்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நான் சொல்லிடுன்னுதான் அண்ணன்கிட்ட சொன்னேன். இன்ஜினைப் பிரிச்சா ஒரு மாசம் வண்டி ஷெட்டுல நிக்கும், மாப்பிள்ளையை ஒரு நாள் வீட்ல உக்கார வச்சாலே உன்னைப் பிச்சு எடுத்துடுவாரு, ஒரு மாசம் தாங்குவியான்னு கேட்டுச்சு.” அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. “அப்புறம், ஸ்டாண்டுல எல்லார் முன்னாடியும் அவ்ளோ பெருமையா சொல்லிட்டு இருக்காரு, நாம எதுக்கு அதைக் கெடுக்கணும், ஓடற வரைக்கும் ஓடட்டும்னு சொல்லிச்சு.”

ஊருக்கெல்லாம் புத்தகத்தைப் படி என்று உபதேசம் செய்த மனுஷன், ஒருத்தனுடைய வாய்ச்சவடாலைக் காப்பாற்றுவதற்காக இரண்டு வருஷம் கெட்டி ஆயிலைக் கள்ளத்தனமாக ஊற்றியிருக்கிறார். சொட்டு தலையை ஆட்டினான். 

இரண்டு பேருமாக டப்பாவையும் புனல் இருந்த பையையும் எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.  கடை வாசலில் வண்டி அவன் விட்ட இடத்திலேயே பானெட் திறந்தபடி நின்றது. டாக்டர் அவள் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தார், தலையை அசைத்தார், உள்ளே வேறு யாருக்கோ பேரிங் எடுக்கப் போய்விட்டார்.

“குடு, நான் ஊத்தறேன்,” என்றான் சொட்டு.

அவள் கொடுக்கவில்லை. டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இன்ஜினையே பார்த்தபடி நின்றாள்.

“நாலு ஞாயித்துக்கிழமை போயிடுச்சு,” என்றாள். “நாலு வாட்டியும் எடுத்தேன். மாடி எறங்கி வண்டி வரைக்கும் கொண்டுவந்தேன். திருப்பிக் கொண்டுபோய் வச்சுட்டேன்.”

“ஏம்மா? இன்ஜின் போயிருக்குமே. நடு ரோட்டுல நின்னிருப்பேனே.”

“தெரியும். தினமும் நீங்க வண்டியை எடுத்துட்டுப் போறப்ப தெரு முனை திரும்பற வரைக்கும் சத்தத்தையே கேட்டுட்டு நிப்பேன். அந்தப் பயத்துலதான் காலையில வாயைத் திறந்தேன். அதுக்கு மேல சொல்ல வரல.” குரல் அப்போதும் உடையவில்லை, கடைச் சாமான் கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். “நானே ஊத்திட்டா, அண்ணன் இனிமே வராதுன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிடும்ல?”

இருபத்தாறு நாளில் முதல்முறையாகச் சொட்டுக்கு வலித்தது. நெஞ்சில் எங்கோ ஓரிடத்தில், விரலை வைத்துக் காட்டக்கூடிய அளவுக்குச் சுருக்கென்று வலித்தது. அந்த வலி தன்னுடையதுதான் என்பதில் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. பையிலிருந்து புனலை எடுத்து இன்ஜின் மூடியைத் திருகிக் கழற்றி அதில் வைத்தான். இரண்டு விரலால் அதைப் பிடித்துக்கொண்டான்.

“ஆடாம பிடிங்க,” என்றாள் அவள். பிறகு டப்பாவைச் சாய்த்தாள்.