குளிர் வெளியே போகாத வீடு

எதிர்வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் போடியார் மீராமுகைதீனின் வயிற்றுக்குள் உமிக்குவியல் போலப் புகையும். பார்க்காமல் இருக்கவும் வழியில்லை. அவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டால் கண் நேரே அங்கேதான் போய் விழும்.

அது காலிதீனின் வீடு. போடியாரின் மனைவி சல்மா உம்மாவுடன் கூடப்பிறந்த தம்பி. ஒருகாலத்தில் போடியாரின் மாவடிப்பள்ளி வயலில் கூலிக்கு வரம்பு வெட்டித் திரிந்தவன், சவூதிக்குப் போய் ஒரு எயார்கண்டிஷன் பெட்டியோடு வந்திறங்கினான். பெட்டியை முன்னறையில் பூட்டி, சுவரின் மேலே இருந்த காற்றுத் துவாரங்களையெல்லாம் மேசன் குணத்தைக் கொண்டு சீமெந்தால் அடைத்தான்.

"குளிர் வெளிய போனா கறன்ட் வீண், மச்சான். ஈ புகுற ஓட்டகூட இரிக்கப்படாது. சவூதியில வீடெல்லாம் இப்பிடித்தான்" என்று போடியாருக்கே விளக்கம் வேறு சொன்னான்.

அதற்குப் பிறகு ஊர் அங்கேயே கிடந்தது. வாய்க்கால் தகராறு என்றால் போடியாரின் விறாந்தையில் கூடுகிறவர்கள், தகராறு ஒன்றும் இல்லாமலே காலிதீனின் அறையில் போய்க் கூடினார்கள். வெளியே வரும்போது சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "உள்ளுக்கு நுவரெலியாதான்" என்றார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தக் குளிர்மலை ஊரைக் கண்டதில்லை.

இதைக்கூடப் போடியார் விழுங்கிக்கொண்டிருப்பார். ஆனால் கலியாணத் தரகர் றஸாக் ஒரு செய்தியோடு வந்தார். மருதமுனை அப்துல் ஹமீட் ஹாஜியார், வாத்தியாராக இருக்கும் தன் மகனுக்குப் பெண் தேடுகிறார்.

"ஞாயித்துக்கிழம காலையில உங்கட வீட்டப் பார்ப்பார். பின்னேரம் காலிதீன்ட வீட்ட. புடிச்ச இடத்தில முடிப்பார்."

மாப்பிள்ளை பெண்ணின் சீதன வீட்டுக்குக் குடிவரும் ஊர். ஆகவே பெண்ணுக்கு முன்னால் வீட்டைத்தான் பார்ப்பார்கள். போடியாருக்கு ஒரே மகள். காலிதீனுக்கும் கலியாண வயதில் ஒரு குமர் இருந்தது.

அன்றைக்கே மேசன் குணத்துக்கு ஆள் போனது.

"ஓம் போடியார், அடைக்கலாம். பெட்டி எங்க?"

"பெட்டி வரும். நீ அடை."

"ஜன்னல்?"

"அதையும் இறுக்கு. எதிர்வீட்டில ஒரு ஓட்ட அடைச்சா இஞ்ச ரெண்டு அடைச்சிரிக்கணும்."

"ஆள் போற வாசலையும் அடைக்கவா?"

"கதைக்காம சாந்தக் குழை."

பெட்டி கொழும்புப் பழைய சாமான் கடை ஒன்றிலிருந்து நெல் லொறியில் வந்தது. மின்சார ஆளியைப் போட்டதும் அரிசி ஆலை போல உறுமியது. உள்ளே இருந்த காற்றையே இழுத்து உள்ளேயே துப்பியது. குளிர் மட்டும் வரவில்லை.

"இது உறுமுது, குளிரல்லியே" என்றாள் சல்மா உம்மா.

"குளிர் எப்பிடி எண்டு யாருக்குத் தெரியும்? சத்தம் றோட்டுக்குக் கேக்குதா, அதச் சொல்லு."

"கேக்குது. ஆனா மூச்சு முட்டுது, புள்ளட வாப்பா."

"காலிதீன்ட வீட்டில முட்டாத மூச்சு உனக்கு இஞ்ச மட்டும் முட்டுதோ?"

ஞாயிற்றுக்கிழமை ஹமீட் ஹாஜியார் தன் மைத்துனரோடும் ஊர்ப் பெரியவர்கள் சிலரோடும் வந்தார். கதவு சாத்தப்பட்டது. பெட்டி உறுமியது. நல்ல காரியத்துக்கு முன்னால் பாத்திஹா ஓத வேண்டும். ஓத வேண்டுமென்றால் சாம்பிராணி இல்லாமல் முடியுமா? ஓத வந்திருந்த லெப்பை சட்டியிலிருந்த தணலில் ஒரு பிடி அள்ளிப் போட்டார். வழக்கமாகத் துவாரத்தால் பவ்வியமாக வெளியேறுகிற புகை, அன்று போக இடமில்லாமல் கூரைத் தட்டைத் தொட்டுவிட்டு விருந்தாளிகளிடமே திரும்பி வந்தது.

"எப்பிடி?" என்று கேட்டார் போடியார்.

"நல்ல குளிர்" என்றார் மாப்பிள்ளையின் மாமா. அவருடைய மூக்கு நுனியில் வேர்வை தொங்கியது.

"கொஞ்சம் கூடிப் போச்சு போல" என்றார் இன்னொரு பெரியவர், பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் சால்வையைக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு. லெப்பையின் ஓதல் இருமலும் ஓதலுமாகி, பிறகு தனி இருமலானது. தணல் கனன்றது. எல்லாருக்கும் தலை கனத்தது. ஆனாலும் குளிரைத் தாங்கத் தெரியாதவன் என்ற பெயரை முதலில் வாங்க ஒருவரும் தயாரில்லை.

தாங்க முடியாமல் முதலில் எழும்பியவர் ஹமீட் ஹாஜியார்தான். முன்வாசல் எது என்று தெரியாத புகையில் தடவித் தடவிப் பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு போனவர், பெண்கள் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் விழுந்தார். சல்மா உம்மாவும் மகளும் முக்காட்டை இழுத்தார்கள். தென்னங்கிடுகு வேலிக் குசினி அது. கடற்காற்று ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் போய்க்கொண்டிருந்தது. பிள்ளை செம்பில் தண்ணீர் நீட்டினாள். ஹாஜியார் குடித்தார், மூச்சு விட்டார், பிறகும் குடித்தார்.

வாசலில் நின்ற போடியார் மகளின் கலியாணம் முடிந்துபோனதென்றே நினைத்தார். அவர் கண் தன்னையறியாமல் எதிர்வீட்டுக்குப் போனது. ஆனால் பின்னேரம் காலிதீனின் வீட்டுக்குப் போன ஹாஜியார், சாத்திய ஜன்னலையும் உறுமும் பெட்டியையும் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டாராம்.

"உள்ளுக்கு வாங்க ஹாஜியார், இது உண்மையான குளிர்" என்று காலிதீன் கெஞ்சியிருக்கிறான்.

"போதும் மகன். இண்டைக்கு மூச்சு முட்டி மௌத்தாகப் பார்த்தன். மூடின வீட்டுக்கு என்ட புள்ளய அனுப்ப ஏலாது."

மறுநாள் றஸாக் சம்மதம் கொண்டுவந்தார். ஒரேயொரு நிபந்தனை: அடைத்த துவாரங்களையும் ஜன்னலையும் திறந்துவிட வேண்டும். "அந்தக் குசினி மட்டும் ஹாஜியாருக்கு நல்லாப் புடிச்சிட்டு."

சல்மா உம்மா சந்தோஷத்தில் அழுதாள். போடியாரும் சந்தோஷமாகத்தான் இருந்தார், எதிர்வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்கும்வரை. காலிதீனும் சுவரை உடைத்துக்கொண்டிருந்தான். போடியார் அங்கே வேலை செய்த குணத்தை வேலிக்கு இப்பால் கூப்பிட்டார்.

"அவனுக்கு எந்தப் பருமனில ஓட்ட?"

"ஒரு சாண், போடியார். பூ வெட்டின கல்லு வச்சி."

"எனக்கு?"

"நாலு விரல் அகலம்."

போடியார் சாய்மனைக் கதிரையில் போய் உட்கார்ந்து, திரும்ப எழும்பி வந்தார்.

"நாளைக்கு வந்து ஒண்டர சாணா வெட்டு."

"காகம் புகுந்திரும், போடியார்."

"புகுந்திரட்டும். அவன்ட வீட்டுக்குச் சிட்டுக்குருவிதானே புகும்."