காலி பாட்டில் சட்டம்

நிலவியல் பேராசிரியருக்கு மலையேற்றத்தில் ஒரே சட்டம்தான்: மாணவர்கள் காலி பாட்டிலோடுதான் வரவேண்டும். அடிவாரத்திலேயே ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் காட்டச் சொல்வார்.

“மேலே மணற்பாறை. ஸ்பாஞ்ச் மாதிரி மழையைக் குடிக்கும். கீழே களிப்பாறை. ஒரு சொட்டு இறங்க விடாது. ரெண்டும் சேர்ற இடத்துல ஊற்று வந்தே தீரணும். போன வருஷம்கூடப் பீறிட்டுச்சு. பாறையைப் படிச்சவன் தண்ணி சுமக்க மாட்டான்!”

“நீங்க பாறையைப் படிச்சீங்க சரி. பாறை உங்களைப் படிச்சுச்சா மாமா?” என்றாள் அதே வகுப்பில் படிக்கும் அவருடைய அக்கா மகள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“வாய் அப்படியே எங்க அக்கா வாய். கவுத்துடி!”

கவிழ்த்தாள்.

உச்சி வெயிலில் ஊற்றுக்கு வந்து சேர்ந்தார்கள். பாசி கருகிப் பொருக்குத் தட்டியிருந்தது. பாறை இடுக்கில் பேராசிரியர் விரலை விட்டார். தூசி.

“சார், அங்க பாருங்க...”

மலை வளையும் இடத்தில், பள்ளத்துக்கு அப்பால், புதிதாகக் குடைந்த ரயில் சுரங்கம். அதன் வாயிலிருந்து வெள்ளை வெளேரென்று தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. களிப்பாறையைத் துளைத்துவிட்டார்கள். மலை தன் தண்ணீரையெல்லாம் அந்தப் பக்கம் விட்டுவிட்டது. கண்ணுக்கு எட்டுகிறது. நடுவே செங்குத்துப் பள்ளம்.

இறங்கும்போது அக்கா மகள் முதலில் உளறினாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. பொட்டு வியர்வை இல்லை.

“மாமா... கொஞ்சம் தண்ணி.”

“யார்கிட்டயாவது இருக்காப்பா? ஒரு மடக்கு போதும்,” என்று கெஞ்சினார்.

ஒவ்வொருவராகப் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினார்கள். எல்லாரும் நல்ல மாணவர்கள். சொன்னபடி கேட்டவர்கள்.

போனில் சிக்னல் இல்லை. இருவர் உதவிக்கு ஓடினார்கள். அவளை முதுகில் சுமந்து அவர் இறங்கினார். கழுத்தைக் கட்டியிருந்த கைகள் ஒரு திருப்பத்தில் நழுவின. கிடத்தி, மார்பில் காது வைத்தார். மாணவர்கள் மாறி மாறி நெஞ்சை அமுக்கினார்கள். கை ஓய்ந்தும் அமுக்கினார்கள். கடைசியில் ஒருவன் அழுதுகொண்டே எழுந்து நின்றான்.

அந்தத் திருப்பத்தில் சிக்னல் இருந்திருக்கிறது. சட்டைப்பையில் போன் அடித்தது. அக்கா.

“ஏண்டா, எத்தனை தடவை கூப்பிடறது! உன் பேச்சை நம்பி வெறும் பாட்டிலோட அனுப்பினேன். அவ வயிறாரத் தண்ணி குடிச்சாளா?”



“கிளம்பி வாக்கா,” என்றார்.