மருத்துவக் குழுவுக்கு முன்னால் ஒரு சவரம்

அக்கா அவனுக்குக் கடைசியாகச் செய்தது கால் நகம் வெட்டிவிட்டதுதான்.

"மெதுவாக்கா. விரலையாவது எனக்கு மிச்சம் வை" என்றான் தம்பி.

"பேசாம படுங்க, தொரை" என்று காலில் செல்லமாகத் தட்டினாள். அன்று மாலை நினைவு தப்பியது. மறுநாள் போய்விட்டான்.

அவன் வீட்டில் கிடந்து சாக வேண்டுமென்று அவள் ஏறாத படியில்லை. ஒரு சண்டையில் தம்பி ஒருவரைத் தள்ளிவிட, அவர் எழவேயில்லை. இவனுக்குப் பத்து வருடம் சிறை. ஆறாவது வருடம் ஈரலில் புற்றுநோய். இனி மருந்தில்லை என்று சிறை டாக்டரே எழுதிவிட்டார். மருத்துவக் குழு நேரில் பார்த்து ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவார்கள்.

அங்கேதான் அவள் புத்தி புல் மேயப் போனது. பெரிய மனிதர்கள் வரும்போது தம்பி பரதேசிக் கோலத்தில் கிடப்பதா? வார்டரைக் கெஞ்சி அவனுக்கு முகச்சவரம் செய்யவைத்தாள். இஸ்திரி போட்ட சட்டை கொடுத்தாள். "எந்திரிச்சு நின்னு மரியாதையா பதில் சொல்லுடா" என்று பாடம் வேறு.

ஆயுசுக்கும் அக்கா பேச்சைக் கேட்காதவன் அன்றைக்குப் பார்த்துக் கேட்டுத் தொலைத்தான். கட்டிலைப் பிடித்து எழுந்து நின்று, "நல்லா இருக்கேன் சார்" என்றான். 'தானே எழுந்து நிற்கிறார்' என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

மறுபடி மனுப் போட்டு, குழு திரும்பி வர இரண்டு மாதம்.

"இந்தத் தடவை எந்திரிச்சிடாதடா."

"எந்திரிக்க முடிஞ்சாத்தானேக்கா" என்று சிரித்தான். ஐந்தே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

வீட்டில் பதினோரு நாள் இருந்தான்.

"ரெண்டு மாசத்த நானே கெடுத்துட்டேனேடா" என்று ஒருநாள் அழுதாள்.

"விடுக்கா. அந்தச் சட்டையில மாப்பிள்ள மாதிரி இருந்தேன். குழுவுல வந்த டாக்டரம்மா ரெண்டு தடவ பாத்தாங்க."

அழுகையோடு சிரிப்பும் வந்து அவளுக்குப் புரையேறியது.

வந்த அன்றே அவன் ஒன்றுதான் கேட்டான். படுத்தபடி அறைக் கதவைப் பார்த்து, "மாமா, வெளிப்பக்கம் எதுக்குத் தாழ்ப்பாள்?" என்றான். அவள் கணவர் திருப்புளி எடுத்துவந்து அதைக் கழற்றிப் பரணில் போட்டார்.

அந்த அறைக்கு இன்றும் உள்பக்கம் மட்டும்தான் தாழ்ப்பாள்.