உறைக்கு ஏற்ற கத்தி

என் கத்தி சதுப்புக் காட்டில் தொலைந்தது. பச்சைப் பிடி போட்ட கத்தி. கீழே பாசியும் பச்சை, பிடியும் பச்சை. விழுந்தால் கடவுளே குனிந்து தேடினாலும் கிடைக்காது. காட்டுக்குப் போகிறவர்களிடம் பச்சைப் பிடிக் கத்தியை விற்கலாம் என்று முதலில் நினைத்தவன் யாரோ, அவனை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும். என் நாய் ஹல்லா மூஸ் மானை மோப்பம் பிடித்து ஓட, நான் முழங்கால் சேற்றில் அதன் பின்னால் ஓட, கத்தி எங்கேயோ நழுவிவிட்டது. தோல் உறை மட்டும் இடுப்பில் தொங்கியபடி வீடு வந்து சேர்ந்தது.

வேட்டை தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் கோர்ப்பியார்வி ஊர் வேட்டைக் குழுவில் ஒருத்தி கத்தியில்லாமல் நடமாடினால் ஊருக்கே அது செய்தி. அதுவும் வெற்று உறையோடு! பழைய நாளில் எங்கள் பக்கத்துக் கல்யாண வயசுப் பெண்கள் இடுப்பில் வெற்று உறையைக் கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போவார்களாம். பிடித்துப்போன பையன் தன் கத்தியை அதில் செருகிவிடுவான். அவள் வைத்துக்கொண்டால் சம்மதம். திருப்பி அனுப்பிவிட்டால் அவன் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். இப்போதெல்லாம் அந்த வேலையைப் போனிலேயே முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் கதையை மட்டும் ஒருவரும் மறக்கவில்லை. ஐம்பது தாண்டி, விவாகரத்தும் ஆகி, தபால் வண்டி ஓட்டிப் பிழைக்கிற நான் காலி உறையோடு வேட்டைக் குடிலுக்குள் நுழைந்தால், அங்கே உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்கு வேறு பொழுதுபோக்கு எதற்கு?

"ஐலா, யாரை எதிர்பார்த்து நிக்கிற? சொன்னா நாங்களும் வரிசையில வருவோம்ல."

"வாங்க, வாங்க. பல்லு இருக்கிறவங்க முன்னாடி வாங்க" என்பேன்.

சிரிக்காமல் இருந்த ஒரே ஆள் ரெய்யோ. மர ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவன் துப்பாக்கியோடு காத்து நிற்கும் இடத்துக்குத்தான் ஹல்லா பெரும்பாலும் மானை விரட்டிக்கொண்டு போகும். பின்னாலேயே நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றித் தயாராக வைத்திருப்பான். "நல்ல நாய்" என்பான். வருஷத்துக்கு இரண்டு தடவை "இன்னைக்குக் குளிரு ஜாஸ்தி" என்றும் சொல்வான். இத்தனை வருஷத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அதற்குள்ளேயே எனக்கு அவன் மேல் ஆசை வந்துவிட்டது. சாதாரண ஆசையில்லை. காலையில் தபால் பிரிக்கும்போது அவன் பெயர் போட்ட மின்சார பில் வந்தால்கூட மனசு துள்ளுகிற அளவு.

அந்த மனிதன், கத்தி தொலைவதற்கு முந்தின நாள், குடிலில் எல்லோர் முன்னாலும் வானிலை சொல்வது போலச் சொன்னான். தம்பெரே நகரத்தில் அக்கா ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கிறாளாம், வேட்டை முடிந்ததும் அங்கே போய்விடப் போகிறானாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அப்படியா" என்று சொல்லிவிட்டு என் சாசேஜுக்குக் கடுகு விழுது தடவினேன். போகாதே என்று ஒரு வார்த்தை. அது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களைப் பிடித்த வியாதி இது, நானும் விலக்கில்லை.

சனிக்கிழமை ஹில்க்காவின் கடைக்குப் போனேன். ஆணி, பெயின்ட், தூண்டில் எல்லாம் விற்கும் கடை. சுவர் முழுக்கக் கத்தி. ஹில்க்கா எனக்குப் பள்ளிக்கூடத் தோழி, எங்கள் குழுத் தலைவர் பென்த்தியின் மனைவி. நான் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிவிட்டாள்.

"மடக்குக் கத்தி உனக்கு ஆகாது. மூட்டுக்குள்ள கொழுப்புப் போய் உட்கார்ந்தா ஊசி வச்சுத்தான் நோண்டணும். இந்த மரப்பிடி அழகுதான், ஆனா விலையக் கேட்டா நீ என்னையே குத்திடுவ. இது சாதா இரும்பு, நல்லாக் கூரு ஏறும், ஆனா நீ துடைக்காமப் போட்டுத் துருப்பிடிக்க வைப்ப. உன்னை எனக்குத் தெரியாதா."

"தெரியும்ல, அப்புறம் ஏன் காட்டுற?"

"இத எடுத்துக்கோ." ஆரஞ்சு நிற ரப்பர் பிடி போட்ட ஒன்றை என் கையில் வைத்தாள். "துரு கிடையாது. ரத்தக் கையோட பிடிச்சாலும் வழுக்காது. உள்ளங்கை நீளத்துக்கு அலகு, மான் வயித்தக் கீற இதுக்கு மேல தேவையில்ல. கூடாரம் போட்டா விறகு சீவவும் ஆகும். பாசியில விழுந்தாலும் கண்ணுல படும். விலை ரெண்டு பேர் ஓட்டல்ல சாப்பிடுற காசுகூட இல்ல."

கையில் பிடித்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இது என் உறையில நுழையாதே" என்றேன்.

"அதுக்கு உறை கூடவே வருதுடி."

"பிளாஸ்டிக்."

"கழுவ சுலபம். உன் தோல் உறைய மோந்து பாரு, போன வருஷத்து மான் இன்னும் அதுக்குள்ளதான் இருக்கு."

"எனக்கு இந்த உறைக்கு ஏத்த கத்திதான் வேணும்."

"ஷெட்டக் கட்டி வச்சுக்கிட்டு அதுக்கு ஏத்த கார் தேடுற முதல் ஆளு நீதான்" என்றவள், சட்டென்று பேச்சை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். "ஐலா. நீ கத்தி தேடி வரல."

"பின்ன?"

"அந்த ரெய்யோகிட்ட நேராக் கேட்டா உன் நாக்கு உதிர்ந்துடுமா?"

"அவன் கேக்கட்டுமே."

"அவனா? ஆணி வேணும்னு கேக்கவே பத்து நிமிஷம் நிக்கிறவன்டி அவன். அவன் கேக்குறதுக்குள்ள உங்க ரெண்டு பேருக்கும் சவப்பெட்டி ஆணி நான் வித்துடுவேன்."

ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். வண்டியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹல்லா என் காதை நக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஞாயிறு, நல்ல வேட்டை. ஹல்லா ஒரு பெரிய கிடா மானை நிறுத்தி வைத்துக் குரைத்தது, ரெய்யோ சுட்டான், ஒரே குண்டு. வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்ய நான் பென்த்தியிடம் கத்தி கடன் வாங்கினேன். அந்த வாரத்தில் எத்தனையாவது தடவையோ. முனகிக்கொண்டே கொடுத்தார். மதியத்துக்குமேல் மானைக் குடிலுக்குப் பின்னாலிருந்த கொட்டகைக்கு இழுத்து வந்து கொக்கியில் ஏற்றினோம். தோல் உரிப்பதற்கு முன்னால் காப்பி குடிக்க மற்றவர்கள் வெளியே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் நின்றுகொண்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து என் இடுப்பில் ஏதோ அழுத்தியது. திரும்பினால் பென்த்தி. என் தோல் உறைக்குள் ஆரஞ்சுப் பிடி பாதி நுழைந்து பாதி துருத்திக்கொண்டிருந்தது.

"போதும்மா, இனிமே என் கத்திய விடு. ஹில்க்கா கொடுத்தனுப்பினா" என்றார்.

பெஞ்சே அதிரச் சிரித்தார்கள். பென்த்திக்குத் தான் என்ன செய்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. காது வரை சிவந்து போனார்.

நான் ரெய்யோவைப் பார்த்தேன். அவன் கை அவன் இடுப்புக் கத்தியின் மேல் இருந்தது. பிறகு கையை எடுத்துவிட்டு, மிச்சக் காப்பியைத் தரையில் ஊற்றினான். எழுந்து கொட்டகைப் பக்கம் நடக்க ஆரம்பித்தான். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குப் பயமும் கோபமும் சேர்ந்து வந்தது. கோபம் அவன் மேலா என் மேலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

ஆரஞ்சுக் கத்தியை உருவிப் பென்த்தியின் கையில் வைத்தேன். "தலைவரே, கல்யாணமானவங்க கத்தி எனக்கு வேண்டாம்."

"ஏம்மா, நல்ல கத்திதானே?"

"ரொம்ப நல்ல கத்தி. கடையில இருக்கிறதுலேயே அதுதான் நல்லது." வெற்று உறையைத் தட்டிக் காட்டினேன். "ஆனா என் உறை காலியா இருக்கிறது கத்தி தொலைஞ்சதால இல்ல. நான்தான் காலியா வச்சிருக்கேன். யாருக்காகன்னு தெரியாதவங்க இங்க ஒருத்தர்தான் இருக்காரு. அவரு முதுகக் காட்டிட்டுப் போறாரு."

ரெய்யோ நின்றான். திரும்பினான். மெதுவாக நடந்து வந்தான், அவன் நடையே அப்படித்தான். தன் கத்தியை உருவி, கால்சட்டையில் இரண்டு பக்கமும் துடைத்து, என் உறைக்குள் இறக்கினான். சாயம் போன சிவப்புப் பிளாஸ்டிக் பிடி, தீட்டித் தீட்டி மெலிந்த அலகு, உள்ளதிலேயே மலிவான சரக்கு.

"லொடலொடங்குது" என்றான்.

"இருக்கட்டும்" என்றேன். உடனே ஒரு சந்தேகம் என்னைப் பிடித்துக்கொண்டது. "தம்பெரேல மான் கிடையாது, கத்தி வேண்டாம்னு விட்டுட்டுப் போறியா? அப்படின்னா இப்பவே எடுத்துக்கோ."

"போகல. அக்காகிட்டச் சொல்லிட்டேன்."

"எப்போ?"

"உன் உறை காலியா இருந்ததப் பார்த்தேன்ல. அன்னைக்கு ராத்திரி."

"ஒரு வாரம் ஆச்சே, மனுஷா. என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

கொஞ்சம் யோசித்தான். "சொல்ற மாதிரி பேச்சு எதுவும் வரல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. பென்த்தி தொண்டையைச் செருமி, மான் விறைத்துக்கொண்டிருக்கிறது, தோலை யாராவது உரிக்கப் போகிறீர்களா இல்லையா என்றார். எல்லோரும் அவரவர் கத்தியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார்கள். சுட்டவன்தான் முதல் கீறல் போட வேண்டும், அது எங்கள் குழு வழக்கம். ரெய்யோவின் உறையைப் பார்த்தேன், வெறுமையாக இருந்தது.

"இப்ப நீ எதால உரிப்ப?" என்றேன்.

"நீ பக்கத்துலதானே இருப்ப" என்றான்.