வெயில் முதுகுக்குப் பின்னால்

இருபத்தொன்பதாவது படத்தின் அடிப்பாகத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது தேவதர்ஷினியின் கைப்பேசி மறுபடியும் அடித்தது. ஃப்யூனரல் ஹோமிலிருந்து லினெட். காலையிலிருந்து இது மூன்றாவது முறை. நாளை பதினொரு மணிக்கு அப்பாவின் இறுதி நிகழ்ச்சி. திரையில் ஓட்டுவதற்கு நாற்பது படங்கள் வேண்டும். அவசரமே இல்லை, ஆனால் இன்று நான்கு மணிக்குள் வந்துவிட வேண்டும். அதைச் சொல்லும்போது லினெட்டின் குரலில் தேன் சொட்டியது. அப்பாவின் அழகான படங்கள் நிறைய இருக்குமே என்று வேறு கேட்டாள்.

"நிறைய இருக்கின்றன" என்று ஆங்கிலத்தில் பொய் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்தாள் தேவதர்ஷினி.

சாப்பாட்டு மேசை முழுக்க அமெரிக்கா இறைந்து கிடந்தது. இரண்டு லிட்டர் ஐஸ்க்ரீம் டப்பாக்கள் நான்கில் அப்பா அதை அடைத்து வைத்திருந்தார். மொத்தம் முப்பத்தேழு மாநிலங்கள், மாநிலத்துக்கு ஒரு படம். எல்லாப் படமும் ஒரே படம்தான். நெடுஞ்சாலையோரத்தில் மாநில எல்லையில் நடப்பட்ட வரவேற்புப் பலகை. அதன் கீழே கண்ணைச் சுருக்கிக்கொண்டு அம்மா, உர்ரென்று அவள், அம்மாவின் இடுப்பிலோ கையைப் பிடித்துக்கொண்டோ தம்பி விக்னேஷ். கேமராவைப் பிடித்தவர் ரவிசங்கர். ஆகவே ரவிசங்கர் ஒரு படத்திலும் இல்லை.

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு. அப்பா இருக்கிற போட்டோ ஒண்ணு கூடவா கிடையாது?"

பங்கஜம் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். "கல்யாண போட்டோ இருக்கே."

"அதுல மாலைதான் தெரியுது. மூஞ்சி எங்க தெரியுது?"

"லைசன்ஸ்ல இருக்கும்."

"லைசன்ஸத் திரையில போட முடியுமா?"

விளக்குக்கு முன்னால் வைத்திருந்ததும் பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கியதுதான். தவறாக ஏதோ நிரப்பிவிட்டீர்கள் என்று கவுண்டரில் சொன்னதைக் கேட்டதுபோல அதில் அப்பா விழித்துக்கொண்டிருந்தார்.

"இதத்தான் போடணும்" என்றாள் பங்கஜம், மேசையைக் காட்டி. "அவர் எடுத்தது."

"வந்தவங்க நாம மூணு பேரும் செத்துட்டோம்னு நெனைக்கப் போறாங்க."

"நெனைக்கட்டும். முப்பத்தேழு ஸ்டேட் வண்டி ஓட்டுனவரு. சும்மாவா."

அதுதான் பிரச்சினை. அப்பா ஓட்ட மட்டுமே செய்தார். எடிசனில் வீடு, மென்பொருள் கம்பெனியில் வேலை, பழைய டொயோட்டா ஒன்று. கோடை விடுமுறை வந்தால் பின்சீட்டில் குழந்தைகளையும் முன்சீட்டில் அம்மாவின் காலடியில் புளிசாதத் தூக்கையும் வைத்துக் கிளம்பிவிடுவார். எல்லையில் பலகையின் கீழே படம் எடுக்க வேண்டும், அந்த மாநிலத்து மண்ணில் நின்று ஏதாவது சாப்பிட வேண்டும். அப்போதுதான் அந்த மாநிலம் அவர் கணக்கில் சேரும். சாப்பிட்டது வீட்டிலிருந்து கொண்டுவந்த சாதம் என்பது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை. அருவி, பள்ளத்தாக்கு, அருங்காட்சியகம் எல்லாம் அடுத்த தடவை. அந்த அடுத்த தடவை வருவதற்குள் வேலை போயிற்று, விசாவும் போயிற்று. அமெரிக்காவை விட்டுக் கடல் கடந்து இங்கே லின்ஃபீல்டில் வந்து குடியேறினார்கள். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது.

வந்தபின்தான் அவருடைய உண்மையான பயணம் தொடங்கியது. வீட்டுக்கு யார் வந்தாலும் கதை. குழாய் ரிப்பேர் செய்ய வந்தவனுக்குக் கன்சாஸ். பொங்கல் விழாவில் பக்கத்துத் தட்டுக்காரருக்கு டென்னசி. "எழுபதாம் நம்பர் ரோட்ல போயிட்டே இருக்கோம்..." என்று அவர் ஆரம்பித்தாரோ இல்லையோ, தேவதர்ஷினி எழுந்துவிடுவாள். காபி போட, துணி எடுக்க, சும்மா மாடிக்குப் போக. பதினாறு வருஷமாக அப்படித்தான். ஊரின் மறுபக்கம் பாபடோயிட்டோயில் தனக்கென்று வீடு வந்தபிறகு, அவர் கதையை ஆரம்பித்தால் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவாள்.

மருத்துவமனையிலும் அவர் விடவில்லை. இதயம் இனி தாங்காது என்று டாக்டர் சொன்ன அன்று மாலை, ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸிடம் கொலராடோவைத் தொடங்கியிருந்தார். நர்ஸ் பாவம், கையில் பட்டையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். "அப்பா, போதும். அவங்களுக்கு வேற வேலை இருக்கு" என்றாள் தேவதர்ஷினி. அவர் நிறுத்திக்கொண்டார். நர்ஸைப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் விடிந்தபோது அவர் விழிக்கவில்லை.

வாசல் கதவு திறந்தது. கிளென் ஈடனில் இருக்கும் தன் வீட்டிலிருந்து விக்னேஷ் வந்துவிட்டான். ஷூவைக் கழற்றாமலே மேசையருகே வந்து ஒரு படத்தை எடுத்துப் பார்த்தான்.

"அக்கா, சீரியஸ்லி? எல்லாத்துலயும் எனக்குக் கண்ணு மூடியிருக்கு."

"நீ எப்ப முழிச்சிருந்த? அமெரிக்கா முழுக்கப் பின்சீட்ல தூங்கிட்டே வந்த."

"கீழ என்ன இது கறுப்பா?"

"உங்க அப்பாவோட நிழல். முப்பத்தேழு ஸ்டேட் சுத்துன மனுஷனுக்குத் தன் நிழல் விழாம ஒரு போட்டோ எடுக்கத் தெரியல. அதத்தான் வெட்டிட்டு இருக்கேன் காலைலேர்ந்து."

"வெயில் முதுகுக்குப் பின்னால இருக்கணும்பாரு" என்றாள் பங்கஜம். "அப்பதான் மூஞ்சி தெளிவா விழும்னு. அவங்க ஊர் ஸ்டுடியோக்காரர் சொல்லிக்குடுத்தது."

இந்த வெயில் தத்துவம் தேவதர்ஷினிக்கு நன்றாகவே தெரியும். பத்து வயதில் அதனால்தான் அவளுக்கு டைனோசர் போயிற்று. கொலராடோவின் மேற்கு ஓரத்தில் ஒரு சிற்றூர். சாலையோரத்தில் பச்சை நிறத்தில் ஒரு டைனோசர் பொம்மை, அருங்காட்சியகத்துக்கு வழிகாட்டும் அம்புக்குறி. அந்த வருஷம் பள்ளியில் அவள் செய்த புராஜெக்டே டைனோசர்தான். எடிசனிலிருந்து அந்த ஒரு அம்புக்குறிக்காகத்தான் மூன்று நாள் வாந்தியைப் பொறுத்துக்கொண்டு வந்தாள். அருங்காட்சியகம் ஒன்பது மணிக்குத் திறக்கும். அதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிடும், யூட்டா பலகை சரியாக விழாது. "திரும்பி வர்றப்ப பாக்கலாம். ஆறு கோடி வருஷமா அங்கதானே இருக்கு, எங்க ஓடப்போகுது?" என்றார் அப்பா. திரும்பி வந்தது வயோமிங் வழியாக. அப்படி வந்தால் ஒரு மாநிலம் அதிகம் கிடைக்குமாம்.

பின்கதவுப் பக்கமிருந்து வசந்தமலர் ஆன்ட்டியின் குரல் கேட்டது. இரண்டு வீடு தள்ளி இருப்பவர். நாளைக் காரியம் முடியும்வரை இந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று சொல்லி, நான்கு நாளாக அவர்தான் சாப்பாடு கொண்டுவருகிறார்.

"ஒருத்தரும் சாப்பிட்டிருக்க மாட்டியள் எண்டு தெரியும். இடியப்பமும் சொதியும். தம்பி, இந்தப் படங்களைக் கொஞ்சம் ஒதுக்கிவிடு."

மணி இரண்டே முக்கால். "ஆன்ட்டி, நாலு மணிக்குள்ள நான் இத அனுப்பணும்."

"வயித்துக்கு ஆர் நேரம் சொன்னது? இரு பிள்ளை." பாத்திரத்தை வைத்துவிட்டு வசந்தமலர் கைக்கு அகப்பட்ட ஒரு படத்தை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது யூட்டா எல்லோ?"

"எப்படித் தெரியும்?"

"எழுதிக் கிடக்குதே." சிரித்தார். "எழுதாட்டிலும் தெரியும். எங்கட ஹோலிலை இருத்தி வைச்சு முழு அமெரிக்காவையும் சுத்திக் காட்டினவர் ரவி அண்ணை. விசாவும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. இதிலைதானே நீ அவற்ரை தலையிலை ஏறி நிண்டது?"

"யார் தலைல?"

"நிழலின்ரை தலையிலை. டைனோசர் காட்டேல்லை எண்டு உனக்குக் கோவம். அவர் படம் எடுக்க நிக்க, நிலத்திலை அவற்ரை நிழல் விழுந்து கிடந்ததாம். நீ வந்து தலையிலை மிதிச்சுக்கொண்டு நிண்டியாம். அண்டைக்குத் தொடங்கினதுதான். பிறகு ஒவ்வொரு ஸ்டேட்டிலையும் இறங்கின உடனை உனக்கு அதுதான் வேலையாம்." வசந்தமலர் சிரிக்கப் போய், விளக்கைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "நிழல் உன்ரை காலுக்கு எட்டேல்லை எண்டால் அவர் ஒரு அடி முன்னுக்கு வந்து நிப்பாராம். நீ மிதிச்சாப் பிறகுதான் கிளிக் பண்ணுவாராம். உனக்குத் தெரியாதே? எங்களுக்குப் பத்துத் தரம் சொல்லியிருப்பார்."

"நான் அதுக்குள்ள எந்திரிச்சுப் போயிருப்பேன்" என்றாள் தேவதர்ஷினி.

 

"அதுக்குத்தானா" என்றாள் பங்கஜம் சோபாவிலிருந்து. "நான் அங்க வெயில்ல வெந்து சாவேன். இவரு ஒரு ஸ்டெப் முன்னாடி, ஒரு ஸ்டெப் பின்னாடின்னு டான்ஸ் ஆடிட்டு இருப்பாரு. எடுத்துத் தொலைங்கன்னு கத்துவேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு."

தேவதர்ஷினி யூட்டாவை வாங்கிப் பார்த்தாள். காலையில் அவள் வெட்டியது கைப்பேசியில் இருந்த பிரதியைத்தான். தாளில் எல்லாம் அப்படியே இருந்தது. செம்மண். இரண்டு முழங்கைகளும் விரிந்த ஒரு நிழல், காது வைத்த அண்டாவைப் போல. அதன் தலைமேல் வெள்ளை நிற ரப்பர் ஷூ ஒன்று, குதிகால் பதிய அழுத்தமாக.

படத்தைத் திருப்பினாள். முதல் நான்கைந்து படங்களின் பின்புறத்தைக் காலையில் பார்த்திருந்தாள். தேதி, மணி, என்ன சாப்பிட்டார்கள். எலுமிச்சை சாதம், வத்தல், தயிர்சாதம், சிப்ஸ். எரிச்சல் தாளாமல் அதற்குமேல் திருப்பவில்லை. யூட்டாவின் பின்னால் இருந்தது: "14 ஜூலை 2001. காலை 7.40. புளிசாதம். தர்ஷி கோபம்."

வயோமிங்: "மாலை 6.10. பிரெட், ஊறுகாய். தர்ஷி கோபம்."

நெப்ராஸ்கா: "மாலை 5. உப்புமா. தர்ஷி கோபம் கொஞ்சம் குறைவு."

கைப்பேசியை எடுத்துக் காலையிலிருந்து வெட்டியதையெல்லாம் அழித்தாள்.

"அக்கா, என்ன பண்ற? மூணு ஆகப்போகுது."

"மறுபடி எடுக்கணும். முழுசா. ஓரத்தோட."

"எல்லாத்தையுமா?"

"வாய மூடிட்டு டப்பாவ எடுத்துட்டு வா. மேசைல இடம் இல்ல, வெளிய டெக்குக்குப் போலாம்."

லினெட்டை அவளே கூப்பிட்டாள். ஐந்து மணி வரை நேரம் வேண்டும் என்றாள். லினெட் தேன் சொட்டச் சம்மதித்தாள். ஆனால் திரைக்குப் பொருந்துவதற்காகப் படங்களின் மேலும் கீழும் எங்கள் மென்பொருளே கொஞ்சம் வெட்டிவிடும் என்றாள்.

"கீழே வெட்டக்கூடாது."

"முகங்கள் எல்லாம் தெரியும், கவலைப்படாதீர்கள்."

"முகத்தை வேண்டுமானால் வெட்டிக்கொள்ளுங்கள்" என்றாள் தேவதர்ஷினி. "கீழே ஒரு விரற்கடைகூட வெட்டக்கூடாது. பக்கவாட்டில் கறுப்பாக விட்டாலும் பரவாயில்லை." மறுமுனையில் லினெட் குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

மதியம் பெய்த மழையில், வீட்டுக்குப் பின்னால் இருந்த டெக்கின் மரத்தளம் இன்னும் ஈரமாக இருந்தது. விக்னேஷ் பழைய பெட்ஷீட் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தான். அவன் ஒவ்வொரு படமாக எடுத்துவைக்க, அவள் நின்றபடி குனிந்து கைப்பேசியில் படம் பிடித்தாள். மொன்டானா, ஐடஹோ, ஜார்ஜியா. பன்னிரண்டு வயது, பதின்மூன்று வயது. ஷூக்கள் மாறின. கோபத்தைப் பற்றிய குறிப்புகள் சுருங்கி, அலபாமாவில் வெறும் "த.கோ." ஆயிற்று. அதைப் பார்த்து விக்னேஷ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. உள்ளே பங்கஜம் வசந்தமலரிடம், வரிசை மாறக்கூடாது, ஒஹையோவுக்கு அப்புறம்தான் இண்டியானா, இதுகளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"லாஸ்ட் ஒண்ணு" என்றான் விக்னேஷ். "மெய்ன்."

பதினாறு வயது. காதில் பாட்டுக் கேட்கும் ஒயர், முகம் காட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கால்கள் இரண்டும் பலகையின் தூணோடு ஒட்டி நின்றன. நிழல் மட்டும் மற்றப் படங்களைவிட நீளமாக, புல்லின் மேல் நீண்டு வந்து, அவள் ஷூவுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் முடிந்திருந்தது. இதற்குமேல் அப்பா ஓர் அடி முன்னால் வைத்திருந்தால் பலகையின் எழுத்துகள் படத்துக்குள் அடங்கியிருக்காது.

பின்னால் திருப்பினாள். "9 ஆகஸ்ட் 2007. மாலை 5.30. தயிர்சாதம், மாவடு." அவ்வளவுதான்.

படத்தைப் பெட்ஷீட்டின் நடுவில் வைத்தாள். மேகம் விலகி, பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலாக வெயில் சாய்ந்து வந்தது. கைப்பேசியை இரண்டு கைகளாலும் பிடித்தாள். படத்தின் அடி ஓரத்தில் ஒரு நிழல் விழுந்தது, முழங்கைகள் விரிந்து.

"அக்கா, உன் நிழல் விழுது. தள்ளு."

அவள் ஓர் அடி முன்னால் வந்து, எடுத்தாள்.