மஞ்சள் கோட்டில் நிற்காத நாற்காலி

அந்தத் தொப்பியை அவர் தலையில் முதன்முதலாக மாட்டிப் பதினொரு நாளும் நாலு மணி நேரமும் ஆகியிருந்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாத மனிதரின் நினைப்பை வாங்கிச் சக்கர நாற்காலியை ஓட்டுவது அதன் வேலை. வலக்கையை மூடுவதாக நினைத்தால் போகும், சும்மா இருந்தால் நிற்கும்.

தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டில் நிறுத்திக் காட்ட இன்றுதான் கடைசி நாள். தவறினால் நாற்காலி அடுத்த நோயாளிக்குப் போய்விடும். அவர் பழையபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடக்க வேண்டியதுதான்.

நாற்காலி கிளம்பியது. கோடு நெருங்கியதும் அவருக்குத் திக்கென்றது. நாற்காலி இன்னும் வேகமெடுத்து, கோட்டைத் தாண்டிப் போய்ச் சுவரில் முட்டியது.

"சுவர் மேல அப்படி என்னங்க பாசம்? இது ஏழாவது முத்தம்" என்று மனைவி சிரித்தபடி அவர் நெற்றி வியர்வையை ஒற்றினாள்.

கணினி முன் இருந்த, பயிற்சி தரும் பெண் சிரிக்கவில்லை. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. மூளையில கைக்கான இடம் அமைதியா இருக்கு. காலுக்கான இடம்தான் துடிக்குது. தொப்பி அதையே 'போ'ன்னு எடுத்துக்குது. கோடு கிட்ட வந்தா இன்னும் அதிகமாகுது. மனசுல காலால எதையோ மிதிக்கறீங்க. எதைன்னு சொன்னா அதுக்கேத்த மாதிரி மாத்திடலாம்."

எவ்வளவு நினைத்தும் அவருக்குக் கை வரவில்லை. கால் மட்டும் கூப்பிடாமலே வந்தது.

"இதுல கேக்க என்னம்மா இருக்கு? பிரேக்தான்" என்றாள் மனைவி. "அன்னைக்கு முன்னால போன லாரி திடீர்னு நின்னப்ப உயிரைக் கொடுத்து மிதிச்சாரு. பிடிக்கல. பக்கத்துல உட்கார்ந்திருந்த என் தம்பி போயிட்டான். ரெண்டு நாள் முன்னாடிதான் அந்த மெக்கானிக் காரைச் சரிபார்த்துக் கொடுத்தான். அவன் விளங்குவானா?"

மூன்று வருடமாக அவள் அந்த மெக்கானிக்கைச் சபிக்காத நாள் இல்லை. அவன் பட்டறையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை.

"பிரேக்னா சுலபம் சார்." பெண்ணின் முகம் மலர்ந்தது. "மிதிச்சா நிக்கற மாதிரி மாத்திடறேன். மாத்தட்டுமா?"

மாற்றினால் நாற்காலி நிற்கும். நிற்க மட்டும்தான் செய்யும். கிளப்புவதற்கு அவரிடம் வேறு நினைப்பே இல்லை. பெண்ணின் விரல் பொத்தான் மேல் காத்திருந்தது.

"சொல்லுங்களேன், அந்தப் பொண்ணு கேக்குதுல்ல" என்றாள் மனைவி, கைக்குட்டையை மடித்தபடி.

"மாத்தாதேம்மா." அவர் மனைவியைப் பார்த்தார். "பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. நான் மிதிச்சது ஆக்சிலேட்டரை."